திறக்காத போத்தல்

பாலையூற்றில் மூடிக்கிடக்கும் கராஜுக்குப் பின்னால்
ஆறு கிணறுகள்.
மூன்றாவதில் மண்ணெண்ணெய் மணக்குதென்று
முறைப்பாடு எழுதியவர் ஜெசிந்தா அக்கா.
நான் போன நேரம்
அதே தண்ணீரில் மீன்பெட்டி கழுவிக்கொண்டு நின்றார்.
"எனக்குப் பழகீட்டுது, தங்கச்சி.
வாறவைக்குத்தான் மணக்கும்."

முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி.
முகர்ந்தேன்.
குறிப்பேட்டில் எழுதவில்லை.

கிணற்றுக்கொரு கையுறை, கிணற்றுக்கொரு கயிறு.
போத்தல் சுண்டுவிரல் நீளம்.
விளிம்பில் தண்ணீர் புடைத்து நிற்கும்வரை ஊற்றி,
மூடி, திருகி,
தலைகீழாய்ப் பிடித்து நகத்தால் தட்ட வேண்டும்.
கடுகளவு குமிழி எழுந்தாலும்
கொட்டிவிட்டு வேறொன்று.
நாலாந்தரம் சரிவந்தது.
"இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு பவுசோ"
என்றார் அக்கா.

மூன்றாம் கிணற்றில் இன்னுமொரு போத்தல் எடுத்து
ஏழு என்று ஒட்டினேன்.
ஏழாம் கிணறு அந்த ஒழுங்கையில் இல்லை.
ஆய்வுகூடத்துக்கு அது தெரியக் கூடாது.
மூன்றும் ஏழும் ஒரே கதை சொன்னால்
இருவரையும் நம்பலாம்,
அவர்களையும் என்னையும்.

பெட்டிக்குள் இன்னொன்று இருந்தது.
கொழும்பிலேயே சுத்தநீர் நிரப்பி மூடி அனுப்பியது.
அதைத் திறப்பதில்லை.
கூட வந்து, கூடத் திரும்புவது மட்டும்தான்
அதற்கு இட்ட வேலை.

இரவு பஸ்ஸுக்கு ஐஸ்பெட்டியை ஏற்றினேன்.
கிண்ணியாக்காரக் கண்டக்டர் இஹ்ஷான்
படிவத்தில் கையெழுத்து வைத்தார்: ஒன்பது நாற்பது.
"மையத்துக்குக் கூட இவ்வளவு கடுதாசி இல்லை."
ஸ்டாண்டில் நின்ற மானொன்று
ஐஸ் உருகிய பையை நக்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் வந்தது தாள்.
மூன்று: பதினொன்று.
ஏழு: பன்னிரண்டு.
எழும்பி நின்று சிரித்தேன்.
பிறகு கடைசி வரி.
திறக்காத போத்தல்: ஆறு.

ஆறு.
யாரும் திறக்கவில்லை. மூடி இறுக்கம். முத்திரை உடையவில்லை.
அன்றிரவு கண்ணை மூடினால் பாதைதான்.
மட்டிக்களியில் ஆட்டோ நின்றுபோனது.
தெய்வேந்திரன் ஓடிப்போய்
சோடாப் போத்தலில் பெற்றோல் வாங்கிவந்தார்.
ஊற்றி மிஞ்சியதை, வாய்க்குக் கடதாசி அடைத்து,
பின்னால் வைக்கலாமோ என்று கேட்டார்.
நான்தான்
காலை ஒதுக்கி
ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் இடம் விட்டேன்.
நன்றியும் சொன்னேன்.

"அந்த வரியை அட்டவணையில் போடாதேங்கோ"
என்றார் பொறுப்பதிகாரி, கோபமில்லாமல்.
"கிணறு மணக்குது. ஊருக்கே தெரியும்.
எங்களுக்கும் தெரியும்."
உண்மைதான். என் மூக்குக்கும் தெரியும்.
பதினொன்றில் ஆறு வண்டியுடையது என்றால்
ஐந்து அக்காவுடையதா?
அப்படிக் கழித்துப் பார்க்க முடிந்தால்
எவ்வளவு வசதி.
கராஜ்காரரின் வக்கீலுக்கும்
அந்தச் சின்னப் போத்தல் ஒன்று போதும்.

எழுதினேன்:
மூன்று, ஏழு, செல்லாது.
காரணம்: மாதிரி எடுத்தவரின் வாகனம்.
பேனை ஒருமுறை நின்று
பிறகு என் பெயரையும் எழுதியது.

ஜெசிந்தா அக்கா வாளியைக் கீழே போட்டார்.
"அப்ப நஞ்சில்லையோ?"
"அப்படிச் சொல்லேல்லை."
"இருக்கோ?"
"அதுவும் இன்னும் சொல்லேலாது."
"படிச்ச பிள்ளையள்" என்றார், கிணற்றைப் பார்த்து.

இம்முறை ஆட்டோ இல்லை.
சந்தியிலிருந்து பெட்டியை இடுப்பில் வைத்து நடந்தேன்;
சட்டையின் ஒரு பக்கம் முழுக்க ஐஸ்தண்ணீர்.
மூன்றாம் கிணறு. புதுக் கையுறை. புதுக் கயிறு.
நிரப்பி, திருகி, தலைகீழாய்ப் பிடித்தேன்.
கைகழுவிவிட்டு வந்த அக்கா
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி
கிட்ட வந்து பார்த்தார்.

"நில்லும். குமிழி கிடக்கு.
கொட்டும் அதை."